மாமனார் கண்ட சிவப்புக் குளவி

மதிப்பிற்கும் பயத்திற்கும் உரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மூத்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் டைல்ஸ் கடையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அந்த முறையைத் தள்ளிவைத்திருக்கிறேன். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். தொலைபேசியில் தாங்கள் ஹலோ சொன்ன பிறகு எனக்குப் பேச முறை வந்ததாக நினைவில்லை. காகிதம் குறுக்கே பேசாது.

போன வாரம் சகலை என்னைக் கூப்பிட்டுத் துக்கம் விசாரித்தார். நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கே உரிய நிதானத்தோடு, என் வேலை போனது நல்லதுக்குத்தான் என்றார். பேச்சோடு பேச்சாக, "அன்னைக்கு மாமா மட்டும் பார்த்துச் சொல்லலைன்னா உங்க ஆபீஸ்ல யாருக்குமே தெரிஞ்சிருக்காதாமே" என்றார். என்ன ஏது என்று கிண்டிக் கேட்டபோதுதான் தெரிந்தது. சிவப்புக் கண் குளவியை முதன்முதலில் கண்டுபிடித்தவர் தாங்கள்தான் என்றும், அதைப் பொறுக்காமல் மாப்பிள்ளை ராத்திரியோடு ராத்திரியாகக் கண்ணையெல்லாம் கறுப்பாக்கித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான் என்றும் ஒரு கதை சொந்தபந்தம் பூராவும் சுற்றிவருகிறதாம். குளவியின் கண்ணுக்கு மை தீட்டும் அளவுக்கு எனக்குக் கைத்திறமை உண்டு என்று நம் குடும்பத்தில் நம்புவது இதுவே முதல் தடவை. அதற்கு நன்றி. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஓர் அளவு இருப்பதால், நடந்தது என்ன என்று எழுதிவிடுகிறேன். தாங்கள் கூடவே இருந்தீர்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. தங்களுக்குத்தான் மறந்துவிட்டது போலிருக்கிறது.

தங்கள் மகள் அங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது. "நிரந்தரமா ஒரு வேலையைக் காட்டுங்க மாப்பிள்ளை, இல்ல நம்ம கடையில வந்து உக்காருங்க. ரெண்டுல ஒண்ணு நடக்கட்டும், நானே பொண்ணைக் கொண்டுவந்து விடறேன்" என்று என் வீட்டு வாசலில் நின்று, எதிர்வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் கேட்கும்படி சொல்லிவிட்டு அழைத்துப் போனீர்கள். என் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை என்பது பெண் கொடுக்கும்போதே தங்களுக்குத் தெரியும். அப்போது அது "ஆராய்ச்சி". கடன் வாங்கிக் கார் வாங்காத மாப்பிள்ளை என்று தெரிந்த பிறகு அது "ஈ குத்துற வேலை" ஆகிவிட்டது. போகட்டும். தாங்கள் அழைத்துப் போன அதே மாதம்தான் எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, ஒரு சிவப்புக் கண் குளவியைக் காட்டு, உன் பதவியை நிரந்தரமாக்க நானே எழுதுகிறேன் என்றார். ஒரே ஒரு குளவி. அது பிறந்தால் எனக்கு வேலை, வேலை வந்தால் தங்கள் மகள். என் குடும்ப வாழ்க்கை ஒரு குளவியின் கண்ணில் வந்து நின்றது இப்படித்தான்.

அந்தக் குளவி எறும்பை விடச் சின்னது. மனுஷனைக் கொட்டாது. ஈயின் கூட்டுப்புழுவைத் தேடிப் போய்க் குத்தி, அதன் ஓட்டுக்குள்ளே முட்டையிடும். குளவிக் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளரும், ஈ பிறக்காமலே போகும். மாட்டுத் தொழுவங்களை ஈத்தொல்லையிலிருந்து காப்பாற்ற இந்தக் குளவியை இன்னும் கெட்டிக்காரக் குளவியாக மாற்ற முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. அதற்கு முன்னால், மரபணுவில் நாம் கை வைத்தால் மாறுகிறதா என்று பார்க்கவேண்டும். கண்ணின் கறுப்பு நிறத்துக்கு ஒரு மரபணு உண்டு. அதை முட்டையிலேயே வெட்டிவிட்டால் குளவி சிவப்புக் கண்ணோடு பிறக்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் அல்லவா, அதற்காகத்தான் கண். வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

செய்வது எப்படி என்றால், கூட்டுப்புழுவை ஒரு பஞ்சு அடைப்பானில் செருகி நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைப்பேன். அப்போதுதான் குளவி கண்ட இடத்திலும் இடாமல் அந்த நுனியிலேயே முட்டையிடும். ஓட்டை உரித்து, மயிரிழைத் தூரிகையால் முட்டைகளைத் தொட்டு எடுத்து, கண்ணாடிச் சில்லில் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி வரிசையாகப் படுக்கவைப்பேன். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்துச் செய்த ஊசியால், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடியே ஒவ்வொரு முட்டைக்கும் அந்த மரபணுவை வெட்டுகிற மருந்தை ஏற்றுவேன். கொஞ்சம் கூடினால் முட்டை வெடிக்கும், கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் நடக்காது, தும்மினால் ஊசி முறியும். முட்டைக்குள்ளே உயிர் இரண்டு நாலாகப் பிரிந்து பெருகும் முன்னால் முடித்தாகவேண்டும். அதனால்தான் அந்த நேரத்தில் தங்கள் அழைப்பை எடுக்கமுடியாமல் போயிற்று. தங்கள் அழைப்பை மட்டுமல்ல, தங்கள் மகளுடையதையும்தான். முடித்த பிறகு, வேறொரு குளவி ஏற்கெனவே குத்திவைத்த கூட்டுப்புழுவை எடுத்து, அதில் குடியிருக்கும் முட்டைகளைக் காலிசெய்துவிட்டு, நம் முட்டைகளைக் குடிவைக்கவேண்டும். குடியிருப்பவர்களைக் காலிசெய்வதில் எனக்கு இருக்கும் பயிற்சியைப் பார்த்தால் எங்கள் வீட்டுக்காரர் என்னை வேலைக்கே வைத்துக்கொள்வார். இதில் பிழைப்பது சொற்பம். அந்தச் சொற்பத்தில் ஒரு தட்டு, பல வாரம் கண்ணைப் பூத்துப்போக வைத்துச் சேர்த்த ஒரே ஒரு தட்டு, நல்லபடியாக வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தாங்கள் வந்தீர்கள். நான் சொல்லுகிற ஆபீஸ் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்துப் போக வந்தீர்கள். வாசலில் காலணியைக் கழற்றி இதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று காவலாளி கொடுத்த செருப்பை, விலை என்ன என்று கேட்டுவிட்டுப் போட்டுக்கொண்டீர்கள். யாருக்கோ காட்ட எடுத்துப் போன டைல்ஸ் மாதிரிகள் அடங்கிய பை தங்கள் கையில் இருந்தது. உள்ளே வந்ததும் அதை என் மேஜைமேல் பொத்தென்று போட்டீர்கள். ஊசி முறிந்தது. வரிசையில் கடைசி முட்டை வெடித்தது. நான் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, வாங்க மாமா என்றேன். முகத்தைப் பார்த்துக் கூடக் கூப்பிடவில்லை என்று பிறகு அத்தையிடம் சொன்னீர்களாம். அந்த நிமிஷம் என் முகத்தைத் தாங்கள் பார்க்காமல் இருந்தது தங்கள் அதிர்ஷ்டம் மாமா.

தாங்களே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டீர்கள். பெரியவர் கேட்கிறாரே என்று சொன்னேன். குளவியில் ஆண்பிள்ளைக்கு அப்பா கிடையாது, ஆண் விந்து சேராத முட்டையிலிருந்து தாயின் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு பிறக்கிறது, அதனால் மரபணுவில் மாற்றம் இருந்தால் மறைக்க இன்னொரு பிரதி இல்லாமல் உடனே வெளியில் தெரிந்துவிடும் என்று விளக்கினேன். அப்பா இல்லை, ஆனால் அம்மாவைப் பெற்ற தாத்தா உண்டு என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு முழுக்க என் வேலையில் தங்களுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். "அப்போ மாப்பிள்ளைன்னு ஒருத்தர் நடுவுல தேவையே இல்லைங்கறீங்க. நல்ல ஏற்பாடா இருக்கே" என்று தலையாட்டினீர்கள்.

இதற்குள் பேச்சுக்குரல் கேட்டு இயக்குநர் வந்தார். அவர் சோள ஆராய்ச்சியில் பெயர் எடுத்தவர். பூச்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், பூச்சியைக் கண்டால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார். தாங்களும் அவரும் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டீர்கள். இனம் இனத்தோடு சேரும் என்று சும்மாவா சொன்னார்கள். அவர் தங்களுக்குத் தேநீர் வரவழைத்தார். தாங்கள் அவருக்குக் குளியலறைத் தரைக்கு வழுக்காத டைல்ஸ் எது என்று சொல்ல ஆரம்பித்தீர்கள். சொல்ல மாதிரி வேண்டும், மாதிரியைப் பரப்ப மேஜையில் இடம் வேண்டும். இடம் பண்ணுவதற்காக, மூடி போட்ட ஒரு தட்டை எடுத்து, நல்ல வெளிச்சமாக இருக்கட்டும் என்று ஜன்னல் ஓரத்தில் வைத்தீர்கள். நான் அப்போது உள்ளறையில் புது ஊசி இழுத்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

நான் திரும்பி வரும்போது மைக்ரோஸ்கோப்பின் அடியில் இன்னொரு தட்டு இருந்தது. அது ஊசியே போடாத தட்டு. ஒப்பிட்டுப் பார்க்க என்று எப்போதும் ஒன்று வைத்திருப்போம். தாங்கள் ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணால் பார்த்து, "இதென்ன, கண்ணு சிவப்பாத்தானே இருக்கு?" என்றீர்கள். இயக்குநர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். மாமா, எல்லாக் குளவிக்கும் கூட்டுக்குள் இருக்கும்போது கண் முதலில் வெளுப்பாக இருக்கும், பிறகு சிவக்கும், அப்புறம்தான் கறுக்கும். அது பழுக்கிற நாவல்பழம் மாதிரி ஒரு பருவம். அதைத்தான் சொன்னேன். இது ஊசி போடாத தட்டு சார், இரண்டு நாள் பொறுங்கள், எல்லாம் கறுத்துவிடும் என்று இயக்குநரிடம் கெஞ்சினேன். அப்போது தாங்கள் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மாப்பிள்ளைக்கு எதுக்கும் ரெண்டு நாள் வேணும் சார். பொண்ணு பார்த்துட்டுப் போய்ச் சம்மதம் சொல்றதுக்கே ரெண்டு நாள் கேட்டவரு."

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இவர் ஆக்கவும் இல்லை, ஆறவும் விடவில்லை. அங்கேயே படம் எடுத்து, நிதி கொடுக்கிற சங்கத்துக்கு அனுப்பினார். "எங்கள் நிலையத்தின் சாதனை" என்று ஒரு பலகை எழுதச் சொன்னார். தட்டின்மேல் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினேன், அவர் அதைப் பார்க்கவே இல்லை. உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல். தாங்கள் என் தோளில் தட்டி, இனிமேல் கவலை இல்லை, பெண்ணைக் கொண்டுவந்து விடுகிறேன் என்றீர்கள். மாமா, ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பொய் என்று தெரிந்தும் அந்த ஒரு வார்த்தைக்காக நான் அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த அரை நிமிஷத்தில் தாங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

தாங்கள் போன பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன். மத்தியான வெயில் முழுசாக அந்தத் தட்டின்மேல் இருந்தது. மூடிக்குள் ஈரம் எல்லாம் வற்றிப்போயிருந்தது. ஊசி போட்ட முட்டையிலிருந்து வந்தவை எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் வளரும், அவற்றின் கண்ணில் இன்னும் நிறமே ஏறவில்லை. திறந்து பார்த்தேன், ஒவ்வொன்றும் உலர்ந்த சோற்றுப் பருக்கை மாதிரி கிடந்தது. அதில் எத்தனை சிவந்திருக்கும், எத்தனை கறுத்திருக்கும், ஒன்றாவது சிவந்திருக்குமா என்று இனி யாருக்கும் தெரியாது. நான் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன் மாமா. தங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். செத்தது பூச்சிதானே என்பீர்கள். எனக்குச் செத்தது வேறு.

மற்றது தாங்கள் கேள்விப்பட்டதுதான். சங்கத்திலிருந்து அதிகாரி ஒருவர் புகைப்படக்காரரோடு வந்தார். அதற்குள் தாங்கள் கண்டுபிடித்த குளவிகள் எல்லாம் வெளியே வந்து, தார் பூசின மாதிரி கறுப்புக் கண்ணோடு தட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. இயக்குநர் என்னைத் தனியாக இழுத்துப் போய், சிவப்பு எங்கே என்று கேட்டார். நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன் என்று நினைத்தார் போலும். பல்பை மாற்றிப் பார் என்றார். விளக்குக்கு முன்னால் சிவப்புக் காகிதம் வைத்தால் தெரியுமா என்று கேட்டார். கண்மட்டும் இல்லை சார், உங்க சட்டையும் சேர்ந்து சிவப்பாத் தெரியும் என்றேன். அதிகாரி அரைமணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு, இது சாதாரணக் குளவி ஆயிற்றே என்றார். உடனே இயக்குநர் என்னைக் காட்டி, சோதனை செய்தவர் இவர்தான், தவறான தகவலைக் கொடுத்துவிட்டார் என்று சொன்னார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சாதனைப் பலகையைத் திருப்பிச் சுவரோடு சாத்திவைத்தார்கள். என் ஒப்பந்தத்தை அதைவிட மரியாதையாக, ஓர் உறையில் போட்டு முடித்துவைத்தார்கள்.

ஆகவே மாமா, என் கோரிக்கைகள். சிவப்பைக் கண்டது தாங்கள்தான், அது சிவப்பே இல்லை என்பதையும் தாங்களே சொந்தக்காரர்களிடம் சொல்லவேண்டும். தங்கள் மகளை இந்த மாதக் கடைசிக்குள், எந்த நிபந்தனையும் இல்லாமல், கொண்டுவந்து விடவேண்டும். போனது என் வேலை, போக்கியது தாங்கள். அதற்கு மேலும் அவளைப் பிடித்துவைத்திருப்பது வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது. மற்றபடி தங்கள் கடையில் வந்து உட்காருவது என்பது மட்டும் இந்த ஜென்மத்தில் நடக்காது. பிச்சை எடுத்தாலும் எடுப்பேனே ஒழிய, தங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்குக் குளியலறைத் தரையைத் தட்டித் தட்டிக் காட்டமாட்டேன். வேறு ஆய்வுக்கூடங்களுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். என் கை நடுங்காத கை என்று தெரிந்தவர்கள் உலகத்தில் நாலு பேராவது இருப்பார்கள்.

அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன், அவர்களுக்கு என் நமஸ்காரம். சகலைக்கு என் அன்பைத் தெரிவிக்கவேண்டாம். தங்கள் வியாபாரம் பெருகி, தங்கள் டைல்ஸ் எந்த வீட்டிலும் வழுக்காமல், தாங்கள் நூறாண்டு வாழ்ந்து, அதில் ஒரு நாளாவது என்னைப் பேசவிடவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
மூத்த மாப்பிள்ளை

பி.கு.: உறையில் போட்டு ஒட்டும் முன்பு இதைச் சேர்க்கவேண்டியதாகிவிட்டது. ஜன்னல் வெயில் பற்றிய பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது தங்கள் மகள் தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறாள். நான் திரும்பிப் பார்க்காமல், கொஞ்சம் இரு, முக்கியமான கடிதம் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அது ஞாபகம் கூட இல்லை, அவள்தான் சொன்னாள். அலமாரியிலிருந்து தன் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு, நான் எழுதி எழுதித் தள்ளிய பக்கங்களை எனக்குப் பின்னாலேயே நின்று படித்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்.

"என்னைத் திருப்பி அனுப்பச் சொல்லித்தான் எழுதறீங்களா? நான் இங்கதான் நின்னுட்டிருக்கேன்" என்றாள். பிறகு, "இவ்வளவு பக்கத்துல நான் வெறும் 'தங்கள் மகள்'தானா?" என்றாள். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன், அவள் பெயர் எங்கும் இல்லை.

அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது மாமா. ரயிலில் ஒரு ராத்திரி போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நிரந்தர வேலை. நாம் இருவரும் எனக்காகத் தேடிய அதே நிரந்தரம்தான். தங்கள் வீட்டிலிருந்தபடியேதான் விண்ணப்பம் போட்டிருக்கிறாள், தங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "மூணு மாசமா எனக்காக ரெண்டு பேரும் சண்டை போட்டீங்க. ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? குளவி சிவப்பா கறுப்பான்னு கேட்ட அளவுக்குக் கூட கேக்கலை" என்றாள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் வரட்டுமா என்றேன். அங்கே தங்குவதற்குக் கொடுத்திருப்பது ஒரே அறை என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ வந்துவிட்டது. அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எப்படியும் அவருக்குத்தானே எழுதுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்நேரம் ரயில் கிளம்பியிருக்கும்.

ஆகையால் மேலே எழுதியிருக்கும் கோரிக்கைகளைத் தாங்கள் பொருட்படுத்தவேண்டாம். இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. தங்களுக்கும் இனி அங்கே யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் போகும். கடை காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் மாமா?